சீட்டுக்கூடத்தில் நிறுத்தப்படும் சக பணியாளர்: நூதனசாலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் நூதனசாலைகளையும் தொல்பொருள் காட்சிக்கூடங்களையும் நடத்தும் திணைக்களங்கள், நிதியங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் பணிப்பாளர்களுக்கும் பொறுப்பதிகாரிகளுக்கும்,

கட்டணம் அறவிடும் நூதனசாலை ஒன்றின் சீட்டுக்கூடத்தில் அண்மையில் புதிய அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கிறது. பிற நூதனசாலைகளின் பணியாளர்கள் கடமை அடையாள அட்டையைக் காட்டினாலும் பொதுமக்களுக்குரிய சீட்டையே வாங்க வேண்டுமாம். இலவச அனுமதி தேவையென்றால் இரண்டு வாரங்களுக்கு முன்பே தலைமை அலுவலகத்துக்கு எழுதி, பதில் கடிதத்துடன் வர வேண்டுமாம். அந்த இடத்தின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. குறை அந்த ஓர் இடத்தோடு நிற்பதில்லை. வேறு பல இடங்களில் அறிவித்தல்கூட இல்லை. சீட்டுக்கூடத்தில் அன்று யார் இருக்கிறாரோ அவர் சொல்வதுதான் விதி. காலையில் போனவரை மரியாதையோடு உள்ளே விடுவார்கள். அதே அட்டையோடு பிற்பகலில் போனவரைக் காசாளரிடம் அனுப்புவார்கள். இரண்டு நிலைமையையும் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது.

நாங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறு நூதனசாலைகளிலும், ஆலய, பள்ளிவாசல், பாடசாலைச் சேகரிப்புகளிலும், ஆவணக் காப்பகங்களிலும் வேலை செய்கிறவர்கள். எங்களில் சிலருக்கு அரச நியமனம் உண்டு. பலருக்கு ஒப்பந்தம் மட்டுமே. சிலர் சம்பளமே இல்லாமல் பராமரிப்பைச் செய்கிறார்கள். எங்கள் கையில் இருப்பவை பனையோலை ஏடுகள், வடமோடிக் கூத்தின் கரப்புடுப்புகள் என்ற ஆட்ட உடுப்புகளும் முடிக்கிரீடங்களும், மத்தளங்கள், மருதமுனைக் கைத்தறித் துணிகள், செப்பு வெண்கலப் பாத்திரங்கள், கடலும் வாவியும் கரையொதுக்கிய இரும்பு. இவற்றில் ஒன்றுகூட எங்கள் காலநிலையில் தானாக நிலைத்து நிற்காது. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பத அளவு, எண்பது வீதத்தைத் தாண்டும்; அறுபத்தைந்தைத் தாண்டி அங்கேயே நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். மீதி மாதங்களில் உப்புக் காற்று.

உள்நாட்டவருக்கான சீட்டின் விலை பெரிய தொகையல்ல என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், பிரயாணச் செலவோடு பார்த்தால் அது சிறிய தொகை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பொதுமக்களுக்குரிய சீட்டோடு உள்ளே போகும் பணியாளர் உங்கள் பதிவேட்டில் ஒரு பார்வையாளர். அவருடைய அலுவலகத்தின் பதிவேட்டில் சுற்றுலா போனவர். அந்தச் சீட்டைக் காட்டிக் கடமை லீவு பெற முடியாது. பிரயாணக் கொடுப்பனவுப் படிவத்தோடு இணைத்தால், உல்லாசப் பயணத்துக்கு ஏன் அரச பணம் என்று கணக்காய்வு கேட்கும். ஆகவே சொந்த லீவு, சொந்தக் காசு. ஒப்பந்தப் பணியாளருக்கு அன்றைய சம்பளமும் போகும். உங்கள் சீட்டுக்கூடம் "தொழில்சார் அனுமதி" என்று திகதி, நேரத்தோடு ஒரு சீட்டைக் கொடுத்தால், அந்த ஒரு துண்டுக் காகிதம் அவருடைய பயணத்தை வேலையாக மாற்றிவிடும். நாங்கள் கேட்பதன் மையம் இதுதான்.

ஒரு நூதனசாலைப் பணியாளர் இன்னொரு நூதனசாலைக்குள் போய் என்ன செய்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிலைக்கு முன்னால் நிற்பதைவிடச் சிலைக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்தான் அவருக்கு அதிக நேரம் போகும்.

ஏட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலை நாட்டின் மிகப் பெரிய ஏட்டுச்சுவடித் தொகுதிகளில் ஒன்றை வைத்திருக்கிறது. அங்குள்ள சிங்கள ஏடுகளில் பெரும்பாலானவை தாளிப்பனையோலை. எங்களிடம் இருப்பவை பனையோலை. தாளிப்பனை மெல்லியது, வளைந்து கொடுக்கும். பனையோலை தடித்தது, விறைப்பானது. துளையைச் சுற்றி முதலில் வெடிக்கும். ஆகவே அங்கே கயிறு எவ்வளவு தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது, மரச்சட்டம் ஓலையைவிட எத்தனை மில்லிமீற்றர் அகலம், ஏட்டைத் தாங்கும் சாய்தளம் எத்தனை பாகை என்பதையெல்லாம் அப்படியே நகலெடுக்க முடியாது. பார்த்து, அளந்து, இங்குள்ள ஓலைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். எண்ணெயும் அப்படித்தான். எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லியதாகத் தடவினால் ஓலை இளகும். தாளிப்பனைக்குப் பழகிய கை பனையோலைக்கும் அதே அளவு தடவினால், உறிஞ்சாத எண்ணெய் மேலே நின்று தூசியைப் பிடித்து எழுத்தை மூடிவிடும். எந்த அளவில் நிறுத்துவது என்பது கண்ணால் பார்த்தே பழக வேண்டிய ஒன்று.

பெட்டிக்குள் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் சிலிக்கா ஜெல் இன்னொரு எடுத்துக்காட்டு. ஒரு கன மீற்றருக்கு 20 கிலோ என்பது பொருட்பாதுகாப்புக் கைநூல்களில் நிலைத்துவிட்ட கணக்கு. 1.2 மீற்றர் நீளம், 0.6 அகலம், 0.4 உயரமுள்ள பெட்டிக்கு அது ஏறக்குறைய 6 கிலோ. எங்கள் ஊர்ப் பெட்டிகள் பலவற்றில் சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிறு பொட்டலங்கள் நாலைந்து கிடக்கும். அவை ஒரே நாளில் ஈரத்தைக் குடித்துவிட்டு, பிறகு பெட்டிக்குள் வெறுமனே இருக்கும். 6 கிலோ போட்டாலும் பூட்டுத் துவாரமும் கண்ணாடி விளிம்பும் அடைக்கப்படாவிட்டால் சில வாரங்களில் அதே கதிதான். ஜெல்லை எந்த இழுப்பறையில் வைப்பது, பொருளைத் தொடாமல் அதை எப்படி வெளியே எடுப்பது, 105 முதல் 120 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் உலர்த்தித் திரும்ப வைப்பது யாருடைய வேலை, எத்தனை கிழமைக்கு ஒருமுறை என்பவையெல்லாம் பெட்டியைச் சுற்றி நடந்து, பொறுப்பாளரிடம் கேட்டால் கால் மணிநேரத்தில் விளங்கிவிடும். கைநூலைப் படித்து விளங்கிக்கொள்ள ஒரு பருவமழை போய்விடும். அதற்குள் பூஞ்சணம் வந்துவிடும்.

குளிரூட்டி விடயத்தில் நடக்கும் பிழை இதைவிட மோசமானது. நல்ல எண்ணத்தோடு யாரோ ஒருவர் காட்சி அறைக்குக் குளிரூட்டி வாங்கிக் கொடுப்பார். காலை எட்டு மணிக்குப் போட்டு மாலை நாலு மணிக்கு நிறுத்துவார்கள். நிறுத்தியதும் வாவிக் காற்று உள்ளே வரும். குளிர்ந்திருந்த உலோகமும் கண்ணாடியும் வியர்க்கும். பகலில் ஐம்பத்தைந்து, இரவில் எண்பத்தைந்து என்று சாரீரப்பதன் நாள்தோறும் ஏறி இறங்க, ஓலையும் மரமும் தோலும் நாள்தோறும் விரிந்து சுருங்கும். குளிரூட்டியே இல்லாத அறையில் அந்தப் பொருள் இதைவிடப் பத்திரமாக இருந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய நூதனசாலையின் அதே அறையைக் காலை ஒன்பது மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும், மறுநாளும் பார்க்க வேண்டும். ஈரமானியின் முள் எங்கே நிற்கிறது, வெயில் எந்தப் பெட்டியில் எப்போது விழுகிறது, கதவு எத்தனை முறை திறக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை உள்ளே போனால் செல்லுபடி முடிந்துவிடும் சீட்டு இந்த வேலைக்கு உதவாது.

துணிகளுக்கு வெளிச்சம்தான் எதிரி. இயற்கைச் சாயம் போட்ட துணிக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கணக்கில் எடுக்காதது மொத்தக் காலம். மிக எளிதில் மங்கும் சாயங்களுக்கு ஓர் ஆண்டில் 15,000 லக்ஸ்-மணிநேரம் (லக்ஸ் அளவை மணிநேரத்தால் பெருக்கிய தொகை) வரைதான் அனுமதிக்கலாம் என்பது சர்வதேசப் பரிந்துரை. 50 லக்ஸில் அது 300 மணிநேரம்; நாளுக்கு எட்டு மணிநேரம் திறந்தால் முப்பத்தேழு நாளில் முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் அதே துணி தொங்கும் இடத்தில், முப்பத்தெட்டாவது நாளுக்குப் பிறகு நடப்பதெல்லாம் அளவு மீறிய சேதம். கைவசம் ஐந்தாறு துணி மட்டும் வைத்திருக்கும் ஒரு சிறு நிலையம் இதை எப்படிச் சுழற்சியில் காட்டுவது? கரப்புடுப்பைப் போன்ற பாரமான உடுப்பைத் தோளில் தொங்கவிடாமல் இடுப்பிலிருந்து தாங்கும் உள்கூட்டை எதனால் செய்வது? வேறு இடங்களில் செய்திருப்பதைப் பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது.

காலிக்கும் மட்டக்களப்புக்கும் உள்ள ஒற்றுமையை ஆண்டு விழாக்களில் யாரும் பேசுவதில்லை. இரண்டும் கடலோரக் கோட்டை நகரங்கள். இரண்டிடத்திலும் ஒல்லாந்தர் காலத் தடித்த சுவர்கள் உப்பையும் ஈரத்தையும் குடித்து வெளியே தள்ளுகின்றன. இரண்டையும் 2004 டிசம்பர் 26இல் கடல் அடித்தது. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலின் பொருள்களைப் பாதுகாக்க அமைத்த ஆய்வுகூடத்தையும் அன்றைய அலை கொண்டுபோனது. அதற்குப் பிறகு அங்கு களஞ்சியத்தையும் பொருட்பட்டியலின் பிரதிகளையும் எங்கே வைக்கிறார்கள், கடலிலிருந்து எடுத்த இரும்பின் உப்பை எத்தனை மாதம் கழுவி வெளியேற்றுகிறார்கள் என்பவை எங்களுக்கு ஏட்டறிவு அல்ல. அடுத்த புயலுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை. 1942 ஏப்ரல் 9இல் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கரைக்கு அப்பால் கிடக்கிறது. கடலிரும்பைக் காற்றில் அப்படியே காயவிட்டால் உள்ளே இருக்கும் உப்பு அதைச் செதில் செதிலாக உரித்துவிடும் என்று தெரிந்த கண்கள் இந்தக் கரையில் இருந்தாக வேண்டும். மட்டக்களப்பிலிருந்து காலிக்குப் போய்வரவே இரண்டு நாள் வேண்டும். அங்கே போய் நிற்கும் பணியாளரிடம், உங்கள் நிலையத் தலைவரின் கடிதம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் நிலை எந்த ஊரிலும் வரக்கூடாது.

யாருக்கு இந்த அனுமதி வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். பணிப்பாளர்களும் விரிவுரையாளர்களும் அழைப்பிதழோடு போய்வருகிறார்கள். அவர்களிடம் சீட்டு யாரும் கேட்பதில்லை. சீட்டு வாங்கச் சொல்லப்படுபவர் காவலர், துப்புரவுப் பணியாளர், பெட்டி செய்யும் தச்சர், பதிவேடு எழுதும் இளம் உத்தியோகத்தர். பொருளோடு நாள் முழுக்க இருப்பவர்களும் இவர்களே. ஈரத்துடைப்பத்தால் பெட்டியின் கால்வரை கழுவினால் அன்று பின்னேரமே பெட்டிக்குள் ஈரம் ஏறும். குளோரீன் கலந்த கழுவுநீரை வெள்ளி, செப்புப் பொருள்களுக்கு அருகே பாவித்தால் உலோகம் அரிக்கும். இவை துப்புரவுப் பணியாளர் தெரிந்திருக்க வேண்டியவை. வேறொரு நூதனசாலையில் தன் வேலையை இன்னொருவர் எப்படிச் செய்கிறார் என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு ஒருபோதும் கொடுக்கப்படுவதில்லை. இலவச அனுமதி பதவிநிலை உத்தியோகத்தருக்கு மட்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், அதை நாங்கள் தீர்வாக ஏற்கமாட்டோம்.

இது உலகில் புதிய கோரிக்கையும் அல்ல. 1946இல் தொடங்கிய சர்வதேச நூதனசாலைகள் பேரவையான ஐகொம்மின் உறுப்பினர் அட்டைக்குப் பல நாடுகளில் இலவச அனுமதியோ கட்டணக் குறைப்போ உண்டு. பிரித்தானியாவில் 1889 முதல் இயங்கும் நூதனசாலைகள் சங்கத்தின் அட்டைக்கும் அப்படியே. அறிவையும் அனுபவத்தையும் சக பணியாளரோடு பகிர்வது கடமை என்று ஐகொம் நெறிக்கோவை சொல்கிறது. ஆனால் ஐகொம் அட்டைக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். ஒரு கிராமத்துச் சேகரிப்பின் பராமரிப்பாளரால் அது முடியாது. அந்த அட்டையை மட்டும் ஏற்போம் என்று சொன்னால், ஏற்கெனவே வசதி உள்ளவருக்கே வாசல் திறக்கும்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்ததாகச் சொல்லப்படும், ஏறக்குறைய ஆளுயர, தாரை என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் வெண்கலச் சிலை 1830 முதல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அங்கே அதைப் பார்க்க எவருக்கும் கட்டணம் இல்லை. எங்கள் கரையின் பொருளை லண்டனில் வழிப்போக்கர் இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் கரையின் பொருள்களைப் பராமரிக்கிறவர் நாட்டுக்குள் தன் தொழிலைக் கற்கச் சீட்டு வாங்க வேண்டும் என்பதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

உங்கள் தரப்பில் எழும் தடைகளை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. அவற்றில் பெரியது கணக்காய்வு. சீட்டு இல்லாமல் ஒருவரை உள்ளே விட்டால், வாயிற் கணக்குக்கும் சீட்டுப் புத்தகத்துக்கும் வித்தியாசம் வரும். விடை சொல்ல வேண்டியவர் காசாளர். அவர் மறுப்பது அவருடைய பிழையல்ல. பாதுகாப்பான வழியை நிர்வாகம் அவருக்குக் கொடுக்கவில்லை. பூச்சியப் பெறுமதியுள்ள, தொடர் இலக்கமிட்ட, வேறு நிறத்தில் அச்சிட்ட ஒரு சீட்டுப் புத்தகம் போதும். அடிக்கட்டையில் நான்கு விடயம்: பெயர், பணியிடம், அடையாள அட்டை இலக்கம், உள்ளே வந்த நேரம். நாள் முடிவில் மற்றப் புத்தகங்களோடு சேர்த்துக் கணக்கு முடிக்கலாம். பார்வையாளர் எண்ணிக்கையும் குறையாது. கணினிச் சீட்டு உள்ள இடங்களில் இது ஒரு புதிய சீட்டு வகையைச் சேர்ப்பதோடு முடிகிறது. சிறுவருக்கும் மாணவருக்கும் வெளிநாட்டவருக்கும் தனித்தனி வகை எழுதத் தெரிந்த பலகையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கும்.

போலி அட்டை வரும் என்பது அடுத்த அச்சம். அரச அடையாள அட்டை இல்லாதவர்களுக்குப் பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய, புகைப்படம் ஒட்டிய, ஓராண்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் கடிதம் ஒன்றை ஏற்கலாம். அந்தச் சேகரிப்பு அவருடைய பிரிவுக்குள்தான் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் யாரும் நூதனசாலை நடத்துவதில்லை. குடும்பத்தினருக்கு நாங்கள் கேட்கவில்லை. வாகனத் தரிப்பு, ஒலி வழிகாட்டி, வெளியார் நடத்தும் விசேட கண்காட்சி ஆகியவற்றின் கட்டணத்தில் விலக்கும் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வருவதானால் முன்கூட்டி அறிவிப்பது எங்கள் பொறுப்பு. வருமானம் குறையும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: நாட்டின் நூதனசாலைப் பணியாளர் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும், பாடசாலைச் சுற்றுலாக் காலத்தின் ஒரு நாள் கூட்டத்துக்கு அது ஈடாகாது.

உள்ளே போன பின்பு வரும் தடையையும் சொல்லியாக வேண்டும். அளவுநாடாவை எடுத்தால் காவலர் ஓடி வருவார். பெட்டியின் காலைப் படமெடுத்தால் புகைப்படக் கட்டணச் சீட்டைக் கேட்பார். அவர் தன் கடமையைச் செய்கிறார். தொழில்சார் சீட்டின் பின்புறத்தில் என்ன செய்யலாம், எது கூடாது என்று மூன்று மொழியிலும் அச்சிட்டுவிட்டால் இந்த இழுபறி இருக்காது. பெட்டிக்கு வெளியே அளக்கலாம், பளிச்சொளி இல்லாமல் தாங்கியையும் விளக்கையும் படமெடுக்கலாம், பென்சில் மட்டும், மைப்பேனா கூடாது, கண்ணாடியில் சாயக்கூடாது, களஞ்சியத்துக்குள் பொறுப்பாளர் இல்லாமல் நுழையக்கூடாது. நாங்கள் இவற்றுக்குக் கட்டுப்படுவோம்.

எங்கள் பக்கத்திலிருந்து கொடுப்பதும் உண்டு. இந்த இரு மாவட்டங்களிலும் நாங்கள் பொறுப்பாக இருக்கும் சேகரிப்புகளுக்கு நாட்டின் எந்த நூதனசாலையின் எந்தப் பணியாளர் வந்தாலும் கட்டணம் இல்லை. காட்சி அறையோடு நிறுத்தாமல் களஞ்சியத்தையும், நாங்கள் ஏடுகளை வைத்திருக்கும் முறையையும், சரிவராமல் போன முயற்சிகளையும் திறந்து காட்டுவோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை. கட்டணம் அறவிடும் ஒவ்வொரு நூதனசாலையிலும், தொல்பொருள் காட்சிக்கூடத்திலும் நூதனசாலைப் பணியாளருக்கு இலவச அனுமதி என்று எழுத்துமூலச் சுற்றறிக்கை வெளியிடுங்கள். முன் அனுமதிக் கடிதம் என்ற நிபந்தனையை நீக்குங்கள். "பணியாளர்" என்பதற்குள் காவலர், துப்புரவுப் பணியாளர், தச்சர், ஒப்பந்த ஊழியர், சம்பளமில்லாப் பராமரிப்பாளர் ஆகியோரும் அடங்குவர் என்று அதில் வெளிப்படையாக எழுதுங்கள். செல்லுபடியாகும் ஐகொம் அட்டையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அது வெளிநாட்டுச் சக பணியாளருக்கும் பொருந்தட்டும். பூச்சியப் பெறுமதிச் சீட்டை அறிமுகப்படுத்துங்கள். அது மூன்று நாளுக்குச் செல்லுபடியாக வேண்டும், அதற்குள் எத்தனை முறையும் உள்ளே வர அனுமதிக்க வேண்டும், கடமை லீவுக்குச் சான்றாக முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும். சுற்றறிக்கையின் ஒரு பிரதியைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சீட்டுக்கூடக் கண்ணாடியில் ஒட்டுங்கள். காசாளருக்கும் காவலருக்கும் அதை வாசித்து விளக்குங்கள். ஒவ்வொரு நூதனசாலையிலும் வாரத்தில் ஒரு பிற்பகல், வந்திருக்கும் பணியாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பொருட்பாதுகாப்பு உத்தியோகத்தரை ஒதுக்குங்கள். அரை மணிநேரம் போதும்.

அடுத்த மே 18, சர்வதேச நூதனசாலைகள் தினத்துக்கு முன்னர் இந்தச் சுற்றறிக்கை நடைமுறைக்கு வர வேண்டும். எந்தக் கோரிக்கையை ஏற்க முடியாதோ, அதற்கான காரணத்தை எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நூதனசாலை, ஏட்டுச்சுவடி, ஆவணச் சேகரிப்புப் பணியாளர்கள்